கட்டளையால் வெட்டும் காணொலி

காணொலியை வெட்டவும் வடிவம் மாற்றவும் சுட்டெலி தேவையில்லை. தட்டச்சு செய்யும் ஒரு வரிக் கட்டளை போதும். இதற்கு உதவும் 'எஃப்எஃப்எம்பெக்' என்னும் இலவச மென்பொருளை பிரான்சு நாட்டவரான ஃபாப்ரீஸ் பெல்லார் 2000ஆம் ஆண்டில் தொடங்கினார்.

எம்.கே.வி., எம்.பி.4 என்பவை வெறும் டப்பாக்களே. உள்ளேயிருக்கும் படமும் ஒலியும் வேறு. உள்ளிருப்பதைப் புதிய டப்பா ஏற்குமானால், கட்டளையில் 'காப்பி' என்ற சொல்லைச் சேர்த்தால் போதும். நீண்ட படமும் விரைவில் இடம் மாறும். தரம் சிறிதும் குறையாது. அச்சொல்லை விட்டுவிட்டாலோ, கணினி ஒவ்வொரு பிரேமையும் விரித்து மீண்டும் சுருக்கும். நேரமும் ஆகும், தெளிவும் சற்றுக் குறையும். போன தெளிவு திரும்பாது. ஆண்டு விழாப் பதிவு பல கை மாறி வரும்போது, பின்வரிசையில் ஆடியவரின் முகம் மங்கிப்போவது இப்படித்தான்.

வெட்டுவதற்கும் 'காப்பி' உதவும். ஆனால் எல்லாப் பிரேம்களும் முழுப்படங்கள் அல்ல. பெரும்பாலானவை அண்டைப் பிரேம்களிலிருந்து மாறியதை மட்டும் வைத்திருப்பவை. ஆகவே முழுப்படம் உள்ள இடத்தில்தான் வெட்டு விழும். நாம் குறித்த நொடிக்குச் சற்று முன்பே காட்சி தொடங்கலாம். நொடி பிசகக்கூடாதென்றால் மறுபடி சுருக்கத்தான் வேண்டும். எனக்கென்னவோ, முகம் மங்குவதைவிட இரண்டு நொடி கூடுதலாக வருவதே மேல்.