காலத்தை வரையும் கீற்றுப்படம்

1984ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள். லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிப் போட்டி. நம் நாட்டின் பி.டி. உஷா 55.42 நொடியில் ஓடி முடித்தார். ருமேனிய வீராங்கனை கோஜோகாரு 55.41 நொடியில் முடித்து வெண்கலப் பதக்கம் பெற்றார். நொடியில் நூறில் ஒரு பங்கை எவ்வாறு அளந்தனர்?

சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். உஷாவின் சராசரி வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7.2 மீட்டர். அவ்வேகத்தில் நூறில் ஒரு பங்கு நொடிக்குரிய தூரம் சுமார் 7 செ.மீ. ஆனால் நொடிக்கு 30 படங்கள் எடுக்கும் வீடியோவில், ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே அவர் 24 செ.மீ. கடந்துவிடுவார். வெற்றி தோல்வி அந்த இடைவெளியிலேயே மறைந்து போகும்.

இக்குறையை நீக்குவது 'ஸ்லிட் ஸ்கேன்' முறை. தமிழில் கீற்றுப்படம் எனலாம். எல்லைக்கோட்டுக்கு நேராக நிறுத்திய கேமரா, ஒரு மெல்லிய கீற்றின் வழியே அந்தக் கோட்டை மட்டும் பார்க்கும். பின்னால் பிலிம் சுருள் நிற்காமல் ஓடும். இன்று சுருளுக்குப் பதிலாக மின்னணு உணரி, நொடிக்கு ஆயிரக்கணக்கான கீற்றுகளைப் பதிகிறது. இப்படத்தின் அகலம் இடத்தைக் காட்டுவதன்று, காலத்தைக் காட்டுவது. இருவர் மார்புக்கும் இடையே தெரியும் தூரமே நேர வேறுபாடு.

1968இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' திரைப்படத்தில் டக்ளஸ் டிரம்புல் இம்முறையைக் கலைக்குப் பயன்படுத்தினார். 1988 மார்ச் 17இல் ஏவப்பட்ட நம் ஐ.ஆர்.எஸ்-1ஏ செயற்கைக்கோளும் தன் ஓட்டத்தின் துணையால் நிலத்தை வரிவரியாகவே படமெடுத்தது.

நாமும் செய்து பார்க்கலாம். உத்தமபாளையத்திலிருந்து கோம்பை வழியாகத் தேவாரம் செல்லும் சாலையோரம் கைப்பேசியை அசையாமல் நிறுத்தி, 10 நொடி வீடியோ எடுங்கள். அதில் 300 படங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் நடுவிலுள்ள ஒரு செங்குத்து வரிசையை மட்டும் வெட்டி, இடமிருந்து வலமாக அடுக்குங்கள். பைத்தான் மொழியில் சில வரிகள் எழுதினால் கணினியே இதைச் செய்துவிடும்.

விளைவுகள் வியப்பளிப்பவை. அசையாத வீடுகள் வெறும் கிடைக்கோடுகளாகும். மெதுவாகச் செல்லும் பேருந்து நீண்டும், விரைந்து செல்வது குறுகியும் தோன்றும். எதிரெதிர்த் திசையில் சென்ற பேருந்துகள் இரண்டும் இடப்புறமே நோக்கி நிற்கும்! எதன் முகப்பும் முதலில் கீற்றைக் கடப்பதே காரணம். வலப்புறம் சென்ற பேருந்தின் எழுத்துகள் மட்டும் கண்ணாடியில் காண்பதுபோல் இடவலம் மாறியிருக்கும்.

ஓடும் பேருந்திலிருந்து கைப்பேசியில் எடுத்த படத்தில் மின்கம்பம் சாய்ந்து தெரிவதும் இதற்கு உறவான விளைவே. அதன் உணரியும் காட்சியை வரிவரியாகவே படிக்கிறது. அப்படத்தைக் கொண்டு கம்பம் சாய்ந்துவிட்டது என்று சாட்சி சொல்ல இயலுமா? ஒரு பதக்கத்தை முடிவு செய்யும் அளவுக்கு நுட்பமான கருவியே, படிக்கத் தெரியாதவரை ஏமாற்றவும் கூடும். எனவே படம் காட்டுவதை நம்புமுன், அது எவ்வாறு உருவானது என்று கேட்கப் பழகுவோமாக.