இரும்பின் உள்ளே நியூட்ரான்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் உள்ளன. பழைய இரும்பைக் கொத்தாக அள்ளித் தூக்க மின்காந்தம் உதவும். ஆனால், உலையில் நன்கு சிவந்து பழுத்த இரும்பைக் காந்தத்தால் தூக்க இயலாது. 770 பாகை செல்சியசுக்கு மேல் இரும்பு தன் ஃபெர்ரோ காந்த இயல்பை இழந்துவிடுகிறது. இதுவே கியூரி வெப்பநிலை என்பதை நாம் அறிவோம். அவ்வேளையில் இரும்பின் உள்ளே மாறுவது யாது?

எக்ஸ் கதிரைக் கேட்டால் நேரான விடை கிடைப்பதில்லை. எக்ஸ் கதிர் பெரும்பாலும் மின்னணுக்களின் மின்னூட்டத்தாலேயே சிதறுகிறது. 770 பாகைக்கு முன்னும் பின்னும் இரும்பணுக்கள் அதே கனசதுர அடுக்கில்தான் இருக்கின்றன. ஏறத்தாழ 912 பாகையில்தான் அந்த அடுக்கு மாறும். ஆகவே, வேறொரு தூதுவன் நமக்குத் தேவை. அவனே நியூட்ரான்.

1932ஆம் ஆண்டு சாட்விக் கண்டறிந்த இத்துகளுக்கு மின்னூட்டம் இல்லை. ஆதலால் அது மின்னணு மேகத்தைக் கடந்து அணுக்கருவை எட்டுகிறது. இரும்பினுள் சில சென்டிமீட்டர் ஆழம் வரை செல்கிறது. அதே சமயம் அது தானே ஒரு நுண்ணிய காந்தம். எனவே, அணுவின் காந்தமும் அதன் பாதையைத் திருப்புகிறது.

நியூட்ரானின் அலைநீளத்தை நாமே கணக்கிடலாம். உலையில் மட்டுப்படுத்தப்பட்ட நியூட்ரானின் திசைவேகம் வினாடிக்குச் சுமார் 2200 மீட்டர். டி பிராலி கூறியபடி, பிளாங்க் மாறிலியை நிறை, திசைவேகம் இவற்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் 1.8 ஆங்ஸ்ட்ராம் கிடைக்கும். இரும்பில் அடுத்தடுத்த அணுக்களின் இடைவெளி ஏறத்தாழ 2.5 ஆங்ஸ்ட்ராம். அளவுகள் ஒத்திருப்பதால் விளிம்பு விளைவு தெளிவாகத் தோன்றுகிறது.

இப்போது நம் வினாவுக்கு வருவோம். 770 பாகையைத் தாண்டியதும் அணுக்களின் காந்தம் அழிவதில்லை. ஒரே திசை நோக்கி நின்ற ஒழுங்குதான் குலைகிறது. இறைவணக்கக் கூட்டத்தில் மாணவர்கள் இடம் மாறாமல் முகத்தை மட்டும் ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொள்வதைப் போன்றது இது. எக்ஸ் கதிர் நிற்கும் இடத்தைக் காட்டுகிறது. நியூட்ரான் முகம் நோக்கும் திசையையும் காட்டுகிறது. 1949இல் அமெரிக்காவில் ஷல், ஸ்மார்ட் ஆகிய இருவரும் மாங்கனீஸ் ஆக்சைடைக் குளிரூட்டி ஆராய்ந்தபோது, அறை வெப்பநிலையில் இல்லாத புதிய முகடுகள் தோன்றின. அணுக்காந்தங்கள் எதிரெதிராக அணிவகுக்கும் என்று நீல் முன்பே கூறியிருந்த கருத்து அதனால் மெய்யாயிற்று. ஷல், பிராக்ஹவுஸ் இருவருக்கும் 1994இல் நோபல் பரிசு கிடைத்தது.

எஃகின் வலிமைக்குக் காரணமான நுண்துகள்கள் பல, சில நானோமீட்டர் அளவே உள்ளவை. இவற்றைக் காணச் சிறுகோணச் சிதறல் உதவுகிறது. பிராக் விதிப்படி இடைவெளி பெருகப் பெருகக் கோணம் சிறுக்கும். 5 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்துக்கு, 10 நானோமீட்டர் அமைப்பு காட்டும் கோணம் ஏறக்குறைய ஒன்றரைப் பாகையே.

இத்துறையில் நம் நாடு பின்தங்கியிருக்கவில்லை. கனடாவில் பிராக்ஹவுசுடன் பணியாற்றித் திரும்பிய பி. கே. அய்யங்கார், டிராம்பேயில் இவ்வாய்வை வளர்த்தார். 1956இல் அப்சரா, 1960இல் சைரஸ், 1985இல் 100 மெகாவாட் துருவா என உலைகள் எழுந்தன. நமக்கு அருகிலுள்ள கல்பாக்கத்தில் யுரேனியம்-233 எரிபொருளால் இயங்கும் 30 கிலோவாட் காமினி உலை 1996இல் தொடர்வினை எய்தியது. பொருளைச் சிதைக்காமல் அதன் உட்புறத்தை நியூட்ரான் கொண்டு படம் பிடிக்க அது பயன்பட்டது.

அணு உலை என்றதும் அது நமக்கு எட்டாதது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பல்கலைக்கழக ஆய்வாளர்களும் துருவா போன்ற வசதிகளைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காகவே, பல்கலைக்கழக மானியக் குழுவும் அணுசக்தித் துறையும் இணைந்த ஆய்வுக் கூட்டமைப்பு ஒன்று நிறுவப்பட்டது. மேற்கண்ட கணக்குக்கு வேண்டிய டி பிராலி சமன்பாடும் பிராக் விதியும் நம் பாடநூலிலேயே உள்ளன. தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் இவ்விரண்டு விதிகளே அந்த ஆய்வுக்கூடத்தின் வாயிற்படிகள். கும்மிடிப்பூண்டியில் உருகும் இரும்பின் உள்ளியல்பை ஆராய நம் கல்லூரியிலிருந்தும் ஒருவர் அப்படிகளில் ஏறட்டும்!