கிடங்கு விளக்குகளை மாற்றுமுன் ஒரு கணக்கு

மும்பையிலிருந்து நாசிக் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள பிவண்டி, நெடுங்காலம் விசைத்தறிகளுக்குப் பெயர்பெற்ற ஊர். இன்று நாட்டின் முக்கியமான கிடங்கு மையங்களுள் அதுவும் ஒன்று. அத்தகைய ஊர்களின் பழைய கிடங்குகளில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்திலும் கூரை விளக்குகள் எரிந்துகொண்டிருப்பது வழக்கம். இதைக் கவனக்குறைவு என்று மட்டும் கருதிவிட முடியாது. உயரமான கூரைகளில் பொருத்தப்பட்டுள்ள மெட்டல் ஹாலைடு விளக்குகளை அணைத்துவிட்டால், அவை குளிர்ந்து மீண்டும் முழு ஒளி தருவதற்குப் பத்து நிமிடங்களுக்கு மேல் ஆகலாம். லாரி வந்து நிற்கும்போது யாரும் அவ்வளவு நேரம் இருட்டில் காத்திருக்க விரும்புவதில்லை. ஆகவே அவை அணைக்கப்படுவதே இல்லை.

எல்.இ.டி. விளக்குகளுக்கு மாறினால் மின்கட்டணம் குறையும் என்பது நம் வாடிக்கையாளர்கள் பலரும் அறிந்த செய்தியே. ஆயினும் எவ்வளவு குறையும், அந்தச் சேமிப்பு கடன் தவணையைத் தாங்குமா, வாங்கும் விளக்கு கடன் தீரும்வரையேனும் உழைக்குமா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பிறகே கொள்முதலில் இறங்க வேண்டும்.

எரியும் நேரமே அடிப்படை

ஒரு மாதிரிக் கணக்கைக் காண்போம். ஒரு கிடங்கில் 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்குகள் 40 உள்ளன எனக் கொள்வோம். அவற்றுடன் இணைந்த சோக்கும் மின்சாரம் உண்பதால், ஒவ்வொன்றும் சுமார் 450 வாட் எடுத்துக்கொள்ளும். மொத்தச் சுமை 18 கிலோவாட். இவற்றுக்குப் பதிலாக 150 வாட் எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தினால் சுமை 6 கிலோவாட்டாகக் குறையும். பழைய விளக்கு எல்லாத் திசைகளிலும் ஒளியைச் சிந்துகிறது. அதில் ஒரு பகுதி பிரதிபலிப்பானிலேயே வீணாகிறது. எல்.இ.டி. ஒளியைக் கீழ்நோக்கியே செலுத்துவதால் குறைந்த வாட்டிலும் தரைக்கு ஏறத்தாழ அதே ஒளி கிடைக்கிறது.

நாள்தோறும் 12 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள்கள் எரிந்தால் 43,200 யூனிட் மிச்சமாகும். யூனிட்டுக்கு 8 ரூபாய் என வைத்துக்கொண்டால் ஆண்டுச் சேமிப்பு 3,45,600 ரூபாய். மாதத்துக்கு 28,800 ரூபாய். பொருத்துகூலி உட்பட ஒரு விளக்குக்கு 9,000 ரூபாய் என்றால் மொத்தச் செலவு 3,60,000 ரூபாய். போட்ட முதல் பதின்மூன்று மாதங்களுக்குள் திரும்பிவிடும்.

அதே கிடங்கில் விளக்குகள் நாளுக்கு 4 மணி நேரமே எரிகின்றன என்றால் நிலைமை வேறு. மாதச் சேமிப்பு 9,600 ரூபாயாகச் சுருங்கும். அந்த 3,60,000 ரூபாயை 10 விழுக்காடு வட்டியில் மூன்றாண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை சுமார் 11,600 ரூபாய். அதாவது மாதந்தோறும் ஏறத்தாழ 2,000 ரூபாய் கையிலிருந்து போகும். விளக்கும் விலையும் வட்டியும் மாறவில்லை. எரியும் நேரம் மட்டுமே மாறியுள்ளது. எனவே விலைப்புள்ளி கேட்பதற்கு முன்பாக, எந்த விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்று இரண்டு வாரங்கள் குறித்து வைப்பது நலம். நீண்ட நேரம் எரிபவற்றை முதலில் மாற்றிவிட்டு, மற்றவற்றை அடுத்த கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மேலே உள்ள எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை. தங்கள் மின்கட்டணப் பட்டியலில் உள்ள விகிதத்தை இட்டுப் பார்த்தல் வேண்டும்.

எல்.இ.டி. விளக்கு சுவிட்சைப் போட்டவுடன் முழு ஒளி தரும். ஆகவே நடமாட்டத்தை உணர்ந்து ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் சென்சார்களை அடுக்கு வரிசைகளுக்கு இடையே பொருத்தலாம். கூரையில் ஒளி ஊடுருவும் தகடுகள் உள்ள கிடங்குகளில் பகல் ஒளிக்கேற்ப விளக்குகள் தாமே மங்குமாறும் செய்யலாம். பழைய விளக்கில் இயலாத இந்தச் சேமிப்பு, வாட் குறைவதால் வரும் சேமிப்புக்கு மேல் கிடைப்பதாகும்.

தரையில் விழும் ஒளி

சேமிப்பை மட்டும் கருதி ஒளியைக் குறைத்துவிடலாகாது. தொழிலாளர்கள் வேலை செய்யும் இடத்திலும் நடமாடும் இடத்திலும் போதிய, ஏற்ற வெளிச்சம் இருக்க வேண்டும் என்று 2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவு கூறியது. கண்ணைக் கூசச்செய்யும் ஒளியையும், விபத்துக்கு இடமளிக்கும் நிழல்களையும் தவிர்க்க வேண்டும் என்பதும் அதில் அடங்கியிருந்தது. மங்கிய வரிசையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் ஓர் ஆளைக் கவனிக்கத் தவறினால், அந்த இழப்பை எந்தச் சேமிப்பும் ஈடுசெய்யாது.

ஆகவே மாற்றுவதற்கு முன்னும் பின்னும் லக்ஸ் மீட்டரைக் கொண்டு பல இடங்களில் ஒளியை அளந்து எழுதி வைக்க வேண்டும். சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தைவிடச் சீட்டுகளைப் படித்துப் பொதி கட்டும் இடத்துக்கு அதிக ஒளி தேவை. உயர்ந்த அடுக்குகளுக்கு இடைப்பட்ட குறுகிய வழிகளுக்குக் குறுகிய கோணத்தில் ஒளி பாய்ச்சும் விளக்குகளே ஏற்றவை. அகலக் கோண விளக்குகளின் ஒளி மேலடுக்குகளிலேயே தங்கிவிடும்.

உத்தரவாதமும் தவணைக் காலமும்

50,000 மணி நேரம் உழைக்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும். பொதுவாக, ஒளி தொடக்க அளவில் 70 விழுக்காடாகக் குறையும் வரையிலான காலத்தையே அது குறிக்கிறது. ஆனால் எல்.இ.டி. விளக்கில் பெரும்பாலும் முதலில் பழுதாவது ஒளிதரும் சில்லு அன்று. அதற்கு மின்சாரம் வழங்கும் டிரைவரே. தகரக் கூரைக்குக் கீழே கோடைக்காலத்தில் சேரும் வெப்பமும், மின்னழுத்த ஏற்றத்தாழ்வும் அதன் ஆயுளைக் குறைக்கின்றன. எனவே அவ்விளக்கு எத்தனை டிகிரி சூழல் வெப்பம் வரை தாங்கும், மின்னழுத்தப் பாய்ச்சலிலிருந்து பாதுகாப்பு உள்ளதா, பவர் ஃபேக்டர் எவ்வளவு, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு உள்ளதா என்பவற்றை எழுத்து மூலம் பெற்றுக்கொள்ள வேண்டும்.

இங்கு நாம் வலியுறுத்த விரும்பும் விதி ஒன்றே: உத்தரவாதக் காலம் கடன் தவணைக் காலத்தைவிட நீண்டதாக இருக்க வேண்டும். ஓராண்டு உத்தரவாதமுள்ள மலிவான விளக்கை மூன்றாண்டுக் கடனில் வாங்கினால், எரியாத விளக்குக்கும் தவணை செலுத்தும் நிலை ஏற்படலாம். உத்தரவாதத்தில் டிரைவரும் அடங்குமா, கூரையில் ஏறிக் கழற்றி மாட்டும் கூலி யாருடையது என்பதையும் முன்னரே தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நன்று.

மாற்றிய பின்

மின்சுமை நிலையாகக் குறைந்தபின், ஒப்பந்த மின்தேவையைக் குறைக்குமாறு மின் வழங்கும் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க இடமுண்டா என்று பார்க்கலாம். விண்ணப்பிக்காதவரை நிலைக் கட்டணம் பழைய அளவிலேயே தொடரக்கூடும். கழற்றிய மெட்டல் ஹாலைடு விளக்குகளிலும் குழல் விளக்குகளிலும் பாதரசம் உள்ளது. அவற்றை உடைத்துக் குப்பையில் எறியாமல், பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து, அதற்குரிய சான்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

கடன் கோரிக் கிளைக்கு வரும்போது பன்னிரண்டு மாத மின்கட்டணப் பட்டியல்கள், எரியும் நேரக் குறிப்பு, லக்ஸ் அளவீடு, உத்தரவாத விவரத்துடன் கூடிய இரண்டு விலைப்புள்ளிகள் ஆகியவற்றைக் கொண்டுவந்தால், தங்கள் சேமிப்புக்குப் பொருந்தும் தவணையை நாம் சேர்ந்தே கணக்கிடலாம். அந்தக் கணக்கில் சேமிப்பு தவணைக்குக் குறைவாக வருமாயின், இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்வதும் நம் கடமையே.