வயதான நாய் நொண்டுகிறதா? கையில் இருக்கும் காசுக்குள் என்ன செய்யலாம்

ஏழெட்டு வயதைத் தாண்டிய நாய் தூங்கி எழுந்ததும் ஒரு காலை முழுதாக ஊன்றாமல் நடக்கிறது. "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும். ஆனால் நாய் நொண்டுவது பெரும்பாலும் வலியினால். வலி இருந்தால் அதற்கு ஒரு காரணமும் இருக்கும். பல சமயம் அந்தக் காரணம் சொற்பச் செலவில் தீரக்கூடியது. தனியார் மருத்துவமனைக்குப் போனால் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, ஊசி என்று சம்பளத்தில் ஒரு பங்கு கரைந்துவிடுமோ என்ற பயம் நியாயமானதுதான். அந்தப் பயத்தில் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடுவதும், வீட்டிலிருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும்தான் ஆபத்து. எதை முதலில் செய்வது, காசை எதில் செலவழிப்பது என்று வரிசையாகப் பார்ப்போம்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் கைவைத்தியம் வேண்டாம். அன்றைக்கே கடன் வாங்கியாவது மருத்துவரிடம் போய்விடுங்கள்: காலைத் தரையில் வைக்கவே மறுப்பது, கால் கோணலாகத் தொங்குவது, திடீரென்று வீங்கிச் சூடாக இருப்பது, இரண்டு பின்னங்கால்களையும் இழுத்துக்கொண்டு போவது, சிறுநீர் கழிக்க முடியாமல் தவிப்பது, ஈறு வெளுத்திருப்பது, மூக்கில் ரத்தம் வருவது, சாப்பாட்டைத் தொடாமல் சுருண்டு கிடப்பது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். மூக்கு ஈரமா காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதை வைத்துக் காய்ச்சலை முடிவு செய்ய முடியாது. சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் ஓர் அங்குலம் செலுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தத் தெர்மாமீட்டரை நாய்க்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

எந்தக் கால், எப்போது

வீட்டில் ஒருவர் கயிற்றைப் பிடித்து நாயை நேராக நடத்திப் போகட்டும். இன்னொருவர் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் கைபேசியில் வீடியோ எடுக்கட்டும். முன்னங்காலில் வலி என்றால், வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். நல்ல கால் படும்போது தலை தாழும். பின்னங்காலில் வலி என்றால் அந்தப் பக்கத்து இடுப்பு மேலே எழும்பும். இந்த வீடியோவை அழித்துவிடாதீர்கள். மருத்துவமனைக்குள் போனதும் புது வாசனையிலும் பயத்திலும் பல நாய்கள் நொண்டுவதையே மறைத்துவிடும். அப்போது மருத்துவருக்கு உதவப்போவது இந்த வீடியோதான்.

எப்போது நொண்டுகிறது என்பதும் முக்கியம். எழுந்ததும் விறைப்பாக நடந்து, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டால் மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். பந்துக்கு ஓடும்போதோ பூனையைத் துரத்தும்போதோ திடீரென்று பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு, பிறகு விரல் நுனி மட்டும் படும்படி நின்றால், உட்காரும்போது அந்த முழங்காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டால், முழங்கால் தசைநார் கிழிந்திருக்கக்கூடும். இன்று ஒரு கால், நான்கு நாள் கழித்து வேறொரு கால் என்று மாறி மாறி நொண்டினால், கூடவே காய்ச்சலும் சோர்வும் இருந்தால், உண்ணிக் காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். நாள் முழுவதும் நடை விறைப்பாகவே இருந்து, நகத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு, பாதம் மடங்கி மேற்புறம் தரையில் பட்டால் கோளாறு முதுகுத்தண்டில் இருக்கலாம்.

பாதத்தைக் கையில் எடுங்கள்

எவ்வளவு சாதுவான நாயும் வலிக்கிற இடத்தைத் தொட்டால் கடிக்கலாம். பழைய பருத்தித் துப்பட்டாவால் வாயைச் சுற்றி, தாடைக்குக் கீழே ஒரு சுற்று, காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு. மூச்சு வாங்கும் நாய்க்கும் வாந்தி எடுக்கும் நாய்க்கும் வாயைக் கட்டவே கூடாது. கட்டியதை ஐந்து நிமிடத்துக்குமேல் விடவும் கூடாது.

நல்ல வெளிச்சத்தில், முதலில் வலிக்காத காலைப் பாருங்கள். அந்தப் பாதம் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் மற்றதில் வேறுபாடு புரியும். விரல்களை ஒவ்வொன்றாக விரித்து இடுக்கில் பாருங்கள். உண்ணிகள் பதுங்க விரும்பும் இடம் அது. நம் ஊரில் அதிகம் அகப்படுவது சீமைக் கருவேல முள். குத்தும்போதே முனை ஒடிந்து தோலுக்கடியில் தங்கிவிடும். வெளியே காயம் மூடியிருக்கும். சில நாள் கழித்து விரலிடுக்கில் பட்டாணி அளவில் சிவந்த கட்டி தெரியும். நாய் அதை நக்கி நக்கி முடியெல்லாம் பழுப்பேறியிருக்கும். அடுத்து நகங்கள். வயதான நாய் ஓடுவது குறைந்துவிடுவதால் நகம் தேயாமல் வளரும். முன்னங்காலின் உட்புறத்தில் தரையில் படாமல் தொங்கும் ஐந்தாவது நகம் வட்டமாகச் சுருண்டு சதைக்குள்ளேயே இறங்கியிருக்கும். வெறும் நகம் வெட்டாததால் மாதக்கணக்கில் நொண்டும் நாய்கள் உண்டு.

அரை லிட்டர் கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கலந்து, பாதத்தை ஐந்து நிமிடம் அதில் அமிழ்த்தி வையுங்கள். வெளியே தெரியும் முள்ளைச் சாமணத்தால் வந்த திசையிலேயே இழுத்து எடுக்கலாம். ஆழத்தில் இருப்பதை ஊசியால் கிளறாதீர்கள். காயத்தில் போவிடோன் அயோடினைக் லேசான தேநீர் நிறம் வரும்வரை தண்ணீர் கலந்து ஊற்றினால் போதும். பாதத்தில் தார் ஒட்டியிருந்தால் சமையல் எண்ணெயைத் தேய்த்து ஊறவிட்டு, சோப்பு நீரில் கழுவுங்கள். மண்ணெண்ணெய், பினாயில், டெட்டால் எதையும் பாதத்தில் ஊற்றாதீர்கள். தோல் வெந்துபோகும், நாய் அதை நக்கியும் விடும். புழு வைத்த காயத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. புழுக்காயத்தை அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டிச் சுத்தம் செய்யலாம்.

காலை மேல்நோக்கித் தடவிக்கொண்டே வந்து ஒவ்வொரு மூட்டையும் மெதுவாக மடக்கி நீட்டுங்கள். எங்கே நாய் சட்டென்று திரும்பிப் பார்க்கிறதோ, உதட்டை நக்குகிறதோ, அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய இன நாய்க்கு மணிக்கட்டுக்கு மேலோ, தோள் அருகிலோ, முழங்கால் பக்கத்திலோ எலும்போடு ஒட்டிய கெட்டியான வீக்கம் தட்டுப்பட்டால் தள்ளிப்போடாதீர்கள். எலும்புப் புற்று அங்கெல்லாம்தான் அதிகம் வரும்.

மனிதர் மாத்திரை வேண்டவே வேண்டாம்

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் இரண்டும் நாயின் இரைப்பையில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாரசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் பழுதாகும். வீட்டில் பூனையும் இருந்தால் அதற்கு ஒரே மாத்திரை உயிரைப் பறித்துவிடும். வலிக்குத் தைலமும் ஜெல்லும் தடவினால் நாய் நக்கி விழுங்கும். "கால் மாத்திரைதானே" என்று கொடுத்துவிட்டு, பிறகு கறுப்பு மலமும் வாந்தியுமாக நாயைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது ஆகும் செலவு, முதலிலேயே மருத்துவரிடம் போயிருந்தால் ஆகியிருப்பதைவிடப் பல மடங்கு. ஏற்கெனவே ஏதாவது கொடுத்துவிட்டீர்கள் என்றால் அதன் பெயரையும் நேரத்தையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஏனென்றால் மருத்துவர் ஸ்டீராய்டு ஊசி போட்டால், உடலில் ஏற்கெனவே இருக்கும் வலி மாத்திரையோடு சேர்ந்து குடல் புண் வர வாய்ப்பு அதிகம்.

ஓய்வும் ஒத்தடமும்

ஆபத்தான அறிகுறி ஏதும் இல்லை, நாய் சாப்பிடுகிறது, லேசாகத்தான் நொண்டுகிறது என்றால் மூன்று நான்கு நாள் முழு ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம். முழு ஓய்வு என்றால் மலஜலத்துக்கு மட்டும் கயிற்றில் பிடித்து வெளியே. மாடி ஏறுவது, கட்டிலில் தாவுவது, கேட்டுக்கு ஓடிக் குரைப்பது எதுவும் கூடாது. புதிதாகச் சுளுக்கிய காலுக்கு முதல் இரண்டு நாள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம், நாளுக்கு மூன்று வேளை. நாள்பட்ட மூட்டு விறைப்புக்கு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணி. அதை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாய்க்கும் சுடும். வறுத்த உப்பு மூட்டை வேண்டாம், அதன் சூட்டை நம்ப முடியாது. நான்கு நாளில் முன்னேற்றம் இல்லையென்றால் மேலும் காத்திருக்காதீர்கள்.

குறைந்த செலவில் மருத்துவம்

தமிழ்நாட்டில் ஒன்றியம்தோறும் அரசு கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் என்று பலர் நினைத்துப் போவதே இல்லை. நாயையும் பார்ப்பார்கள். விடிந்ததும் போய்விடுங்கள், பிற்பகலில் மருத்துவர் கிராமங்களுக்குக் கிளம்பியிருக்கலாம். எக்ஸ்ரே வேண்டும் என்றால் பெரிய கால்நடை மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். அடுத்த படி, கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகள். 1903இல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கல்லூரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகள் எல்லாம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. சிறப்பு மருத்துவர்கள் இருப்பார்கள், கட்டணம் தனியாரைவிடக் குறைவு. ஆனால் வரிசை நீளம். தண்ணீர், விரிப்பு, நாயைப் பிடிக்க இன்னொரு ஆள் என்று தயாராகப் போக வேண்டும். தெருநாய் என்றால் சென்னையில் புளூ கிராஸ் போன்ற அமைப்புகளையும் கேட்கலாம்.

எங்கே போனாலும் உள்ளே நுழைந்ததுமே, "டாக்டர், என்னால இவ்வளவுதான் முடியும், இதுக்குள்ள எது முக்கியமோ அதை முதல்ல பண்ணுங்க" என்று தொகையைச் சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால், அதில் என்ன தெரிந்தால் வைத்தியம் மாறும் என்று கேளுங்கள். மாறாது என்றால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உண்ணிக் காய்ச்சல் சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனையை விடாதீர்கள். அதற்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் விலை குறைந்த மருந்து. வழக்கமாக நான்கு வாரம் வரை கொடுப்பார்கள். நாய் எழுந்து ஓடுகிறதே என்று இரண்டாம் வாரத்தில் நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையைச் சோற்று உருண்டையில் வைத்துக் கொடுத்து, பின்னாலேயே தண்ணீரும் குடிக்க வையுங்கள். வெறும் மாத்திரை தொண்டையில் ஒட்டினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும்.

மூட்டுத் தேய்மானத்துக்கு மெலாக்ஸிகாம் போன்ற நாய்க்கான வலி மருந்தை மருத்துவர் எழுதுவார். எடைக்கேற்ற அளவை அவர்தான் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் கொடுப்பதாக இருந்தால் சிறுநீரகம், கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனைக்குக் காசு ஒதுக்குங்கள். சாப்பிட்ட பிறகே கொடுங்கள். வாந்தி, கறுப்பு மலம், சாப்பிட மறுப்பது என்று எது வந்தாலும் நிறுத்திவிட்டுப் பேசுங்கள். குளுக்கோசமைன் பொடிகளுக்குப் பலன் உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. அதில் போகும் காசை மருத்துவர் பரிசோதனைக்கும் வலி மருந்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

தசைநார் கிழிந்திருந்தால் அறுவை சிகிச்சைதான் என்று சொல்லும்போது பலர் மனம் ஒடிந்துபோவார்கள். சுமார் 15 கிலோவுக்குக் கீழே உள்ள நாய்களில் பல, எடை குறைப்பு, வலி மருந்து, ஒன்றரை இரண்டு மாத ஓய்வு ஆகியவற்றோடு ஓரளவு நன்றாகவே நடக்கும். கனமான நாய்க்கு இந்த வழி அவ்வளவு கைகொடுக்காது.

எடை

காசே செலவில்லாத பெரிய மருந்து எடைக் குறைப்பு. 48 லாப்ரடார் நாய்களைப் பிறந்தது முதல் சாகும்வரை பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. ஏற்கெனவே நொண்டும் குண்டு நாய்களில் உடல் எடையில் 6 சதவீதம் குறைந்தாலே நடை தேறுகிறது என்று இன்னொரு ஆய்வு காட்டியது. 35 கிலோ லாப்ரடாருக்கு அது இரண்டு கிலோதான்.

நாயின் விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். உங்கள் புறங்கையைத் தடவும்போது எலும்பு தட்டுப்படுவதுபோல இருந்தால் சரியான எடை. உள்ளங்கையைத் தடவுவதுபோல மெத்தென்று இருந்தால் அதிகம். நம் வீடுகளில் எடை கூடுவது நாயின் தட்டிலிருந்து மட்டுமல்ல. தாத்தா தேநீரோடு போடும் பிஸ்கட், பாட்டி ஊற்றும் பால், குழந்தை கீழே போடும் முறுக்கு எல்லாம் சேர்ந்துதான். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினால்தான் இது நடக்கும். சோற்றைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் வேகவைத்த பூசணியும் பீன்ஸும் கேரட்டும் போடுங்கள். தோல் நீக்கிய கோழி, முட்டை இருக்கட்டும். மத்தி மீன் மலிவாகக் கிடைக்கும்போது உப்பு, மிளகாய் இல்லாமல் வேகவைத்து முள் நீக்கிக் கொடுங்கள். அதிலுள்ள ஒமேகா 3 கொழுப்பு மூட்டு வீக்கத்தைத் தணிக்க உதவும். வெங்காயம், பூண்டு, திராட்சை, வெந்த எலும்பு கூடாது.

வீட்டுக்குள்

வழுக்கும் டைல்ஸ் தரை வயதான நாய்க்குப் பெரிய எதிரி. நடக்கும் பாதையிலெல்லாம் கோணிச் சாக்கோ பழைய ரப்பர் விரிப்போ நகராதபடி போடுங்கள். பாதத்தின் அடியில் வளர்ந்து மூடும் முடியை வெட்டிவிடுங்கள். சாப்பாட்டுக் கிண்ணத்தை நாயின் முழங்கை உயரத்தில் வைத்தால் கழுத்தும் தோளும் வலிக்காது. வெறுந்தரையில் படுக்க விடாமல் பழைய பஞ்சு மெத்தையை மடித்துப் போடுங்கள், குறிப்பாக மார்கழிக் குளிரில். பின்னங்கால் பலமில்லாத நாயை எழுப்ப, நீளமான துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்து இரு முனையையும் மேலே சேர்த்துப் பிடித்துத் தூக்கினால் உங்கள் முதுகும் தப்பிக்கும். முழு ஓய்வு நாட்களைத் தவிர நடைப்பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள், பத்துப் பத்து நிமிடமாக நாளில் மூன்று முறை நடத்துங்கள். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அந்த நேரத்தில் நடத்தக் கூடாது.

வலி அடங்காதபோது

சில நாய்களுக்கு இவ்வளவு செய்தும் வலி தணியாது. படுக்கையிலேயே இருக்கும் நாயை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் இடுப்பெலும்பின் மேல் படுக்கைப்புண் வந்துவிடும். நாள்காட்டியில் ஒவ்வொரு நாளும் குறித்து வையுங்கள்: சாப்பிட்டதா, தானாக எழுந்ததா, வாலை ஆட்டியதா, இரவில் முனகியதா. மோசமான நாட்கள் நல்ல நாட்களைவிட அதிகமாகும்போது அந்தக் குறிப்போடு போய், "இதுக்கு மேல வலியைக் குறைக்க வேற மருந்து இருக்கா, இல்ல நிம்மதியா அனுப்பி வைக்கறதுதான் நல்லதா?" என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். ஊசி எப்படிப் போடுவார்கள், நீங்கள் பக்கத்தில் இருக்கலாமா, என்ன செலவு என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.