முதுமை வேறு, உடற்குறை வேறு



"வயசாச்சு, கண்ணும் காதும் போகத்தான் செய்யும்" என்ற பேச்சை விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வீடுகளில் அடிக்கடி கேட்கிறோம். இப்படிச் சொல்லியே அநேக முதியோர் சட்டம் தங்களுக்குத் தந்துள்ள உரிமையைக் கேளாமல் இருந்துவிடுகிறார்கள். கீழ்க்காணும் கேள்வி விடைகளை வீட்டுப் பெரியவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: அறுபது வயதுக்குமேல் வந்த குறையும் கணக்கில் வருமா?

விடை: வரும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைகளைச் சொல்லுகிறது. பிறவியில் வந்ததா, எழுபதாம் வயதில் பக்கவாதத்தால் வந்ததா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. எத்தனை சதவீதம் என்பதே கேள்வி. 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்க்கே பெரும்பாலான உதவிகள் உண்டு.

கேள்வி: சதவீதத்தை எவ்வாறு கணிக்கிறார்கள்?

விடை: வைத்தியம் செய்த பிறகும் எஞ்சி நிற்கும் குறையையே கணிக்கிறார்கள். பார்வையைக் கண்ணாடி போட்டுத்தான் சோதிப்பார்கள். ஆகையால் கண்புரை உள்ளவர் முதலில் ஆபரேஷன் செய்துகொள்வதே முறை. காது கேளாதவருக்கும் சோதனை உண்டு. பக்கவாதம் கண்டவர், உடம்பு ஒரு நிலைக்கு வந்தபின் செல்ல வேண்டும்.

கேள்வி: எங்கே தொடங்குவது?

விடை: விழுப்புரத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். யு.டி.ஐ.டி. எனப்படும் தேசிய அடையாள அட்டைக்கு மனுச் செய்ய வேண்டும். ஆதார், போட்டோ, பழைய மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். அரசு டாக்டர்கள் சோதித்துச் சான்று தருவார்கள். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது நம் பக்கத்தாருக்கு வசதி.

கேள்வி: உதவித்தொகை எவ்வளவு?

விடை: வழிகள் இரண்டு. ஆதரவற்ற மாற்றுத்திறனாளிக்குத் தாலுகா அலுவலகம் மூலம் வரும் பென்ஷன் 2023-இல் மாதம் 1,500 ரூபாயாயிற்று. கடும் பாதிப்பு, அதாவது 75 சதவீதமும் மேலும் உள்ளவர்க்கு, நல அலுவலகம் மூலம் வரும் பராமரிப்புத் தொகை 2,000 ரூபாயாயிற்று. பார்க்கின்சன் என்னும் நடுக்க நோய்க்கு 40 சதவீதமே போதும். முதியோர் பென்ஷனோ 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாயிற்று. ஒருவர் ஒன்றைத்தான் பெறலாம். ஆகவே முதியோர் பென்ஷன் வாங்குகிறவரும் தமக்கு எது பொருந்தும் என்று கேட்டறிவது நலம். மாதாமாதம் வரும் வித்தியாசம் மருந்துச் செலவுக்காகும்.

கேள்வி: டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

விடை: உள்ளதை உள்ளபடி. பெரியவர்கள் கூச்சத்தால் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிடுவார்கள். குளிக்க, உடுக்க, படியேற யார் கைபிடிக்கிறார்கள் என்பதை உடன்போகும் பிள்ளைகள் சொல்லட்டும். மிகைப்படுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

கேள்வி: மனு தள்ளப்பட்டால்?

விடை: மனம் தளர வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சான்றில் குறை கண்டால் மேல்முறையீட்டுக்குச் சட்டத்தில் இடமுண்டு. கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம். தரகருக்குப் பணம் கொடாதீர்கள்.

பெற்றோரே, இது பிச்சையன்று, உங்கள் உரிமை. பிள்ளைகளே, அலுவலகப் படியை அவர்கள் தனியே ஏற விடாதீர்கள். ஒரு நாள் வேலையை விட்டாவது கூடப் போங்கள்.