பாலைவனத்தில் வெயில் அளக்கும் வேலை

ராஜஸ்தானில் வெயில் அடிக்கிறது என்று சொல்ல எஞ்சினியர் வேண்டாம். சதுர மீட்டருக்கு எத்தனை வாட் என்று நிமிடக் கணக்கில் சொல்லத்தான் சம்பளம். பத்லாவில் இருப்பதுபோல் 2,245 மெகாவாட் சூரியப் பூங்காவை விட்டுத்தள்ளுங்கள். சாதாரண 100 மெகாவாட் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். திறனில் 25 சதவீதம் ஓடினாலும் ஆண்டுக்குச் சுமார் 22 கோடி யூனிட். உங்கள் அளவு 2 சதவீதம் பிசகினால், கணக்கில் 44 லட்சம் யூனிட் உதைக்கும். கடன் கொடுக்கும் வங்கி இதைத்தான் துருவிக் கேட்கும்.

கருவிகளைக் கற்பது ஒரு வார வேலை. பைரனோமீட்டர் வானம் முழுவதிலிருந்தும் விழும் மொத்தக் கதிர்வீச்சை அளக்கும், அது ஜிஎச்ஐ. இன்னொரு பைரனோமீட்டருக்குச் சின்னப் பந்து ஒன்று நாள் முழுக்க நிழல் பிடிக்கும். அதில் கிடைப்பது சிதறொளி, டிஎச்ஐ. குழாய்போன்ற பைர்ஹீலியோமீட்டர், சூரியனைத் தொடர்ந்து திரும்பும் டிராக்கரில் ஏறி அதையே பார்த்தபடி நேரடிக் கதிரை அளக்கும், அது டிஎன்ஐ. சூரியன் உச்சியிலிருந்து சாய்ந்திருக்கும் கோணத்தின் கோசைனால் டிஎன்ஐயைப் பெருக்கி, டிஎச்ஐயைக் கூட்டினால் ஜிஎச்ஐ வரவேண்டும். வரவில்லையா? மூன்றில் ஒன்று பொய் சொல்கிறது. தெளிந்த வானத்தில் டிஎன்ஐ மட்டும் சரிந்தால் முதலில் டிராக்கரைப் பாருங்கள்.

வேலையின் உயிர் துடைப்பதில் இருக்கிறது. கோடையில் ராஜஸ்தானில் வீசும் புழுதிக் காற்றை ‘ஆந்தி’ என்பார்கள். அது அடித்து ஓய்ந்ததும் கண்ணாடிக் குமிழில் மாவு சலித்ததுபோல் மண் படிந்திருக்கும். கைக்குட்டையை எடுத்துவிடாதீர்கள், மணல் கண்ணாடியைக் கீறிவிடும். காய்ச்சி வடித்த நீரால் மண்ணைக் கழுவி இறக்குங்கள், பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். சூரியன் எழுமுன் முடித்தால் உத்தமம். துடைத்த நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். துடைக்காத நாளையும் மறைக்காமல் எழுதுங்கள். வராத நாளுக்கு ‘டிக்’ போடும் உதவியாளரைவிட, வரவில்லை என்று எழுதுபவரே எனக்கு மேல். கருவிக்குள் ஈரத்தை உறிஞ்ச இருக்கும் சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

புதியவர்கள் சறுக்கும் இடங்கள் சில உண்டு. ஜெய்சல்மேரில் கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது உச்சி வெயில் வந்திருக்காது. பருவத்தைப் பொறுத்து 12:30 முதல் 1 மணிக்குள்தான் வரும். வரைபடத்தின் முகடு சரியாகப் பன்னிரண்டில் நின்றால் அளவுகளைப் பதியும் டேட்டா லாகரின் நேரம் தப்பு. இரவில் பைரனோமீட்டர் மைனஸ் 2, மைனஸ் 3 என்று காட்டினால் பதறி அதைப் பூஜ்யமாக்கிவிடாதீர்கள். குமிழ் குளிர்ந்த வானத்துக்கு வெப்பத்தை இழப்பதால் வருவது அது. கருவியின் உடல்நிலையைச் சொல்லும் தடயம். சென்சாரை மாற்றினால், புதுச் சான்றிதழில் உள்ள உணர்திறன் எண்ணை லாகரில் ஏற்ற மறக்கக்கூடாது. மறந்தால் மாதக்கணக்கான தரவு குப்பைக்குப் போகும்.

செயற்கைக்கோள் தரவு இருக்க, தரையில் எதற்கு என்று மேலாளர் கேட்பார். 2010இல் தேசிய சூரிய இயக்கத்தின் முதல் சுற்றில், கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து மின்சாரம் எடுக்கும் 470 மெகாவாட் திட்டங்கள் ஒதுக்கப்பட்டன. குவிப்பதற்கு நேரடிக் கதிர் வேண்டும். தரையில் அளந்தபோது டிஎன்ஐ, செயற்கைக்கோள் தரவை வைத்து எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. காற்றில் மிதக்கும் தூசு அதைத் தின்றிருந்தது. அந்தத் திட்டங்களில் சிலதான் முடிந்தன. செயற்கைக்கோளின் நீண்ட கால வரலாறும் தேவை, தரையில் அளந்த ஓராண்டும் தேவை. முன்னதைப் பின்னதால் திருத்துவதே இத்தொழிலின் மூளை வேலை.

இயற்பியல் பட்டமோ, இன்ஸ்ட்ருமென்டேஷன் அல்லது எலெக்ட்ரிக்கல் டிப்ளமோவோ போதும். பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் மேலே ஏறலாம். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி: தேசிய அளவில் கதிர்வீச்சு அளவீட்டு நிலையங்களை நிறுவிய தேசியக் காற்றாற்றல் நிறுவனம் இருப்பது சென்னை பள்ளிக்கரணையில். 2011இல் முதல் கட்டமாக 51 நிலையங்கள்; ராஜஸ்தானிலும் உண்டு.

வேலை கிடைத்து ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பாலைவனத்தையே கேளுங்கள். அதுவும் மே மாதத்தில். ஜனவரியில் போய்ச் சேர்ந்தால் ஆந்தி வரும்வரை எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும்.