கிராமசபையில் ஒலிக் கருவிகளை இணைக்கும் முறை

கிராமசபை கூடும் நாளன்று ஊர்ப் பொதுவிடத்துக்கு முதலில் வந்து சேருபவர் மைக்செட்டுக்காரரே. ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்த சபை 2022 முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் சேர்த்து ஆறு முறை கூடுகிறது. தீர்மானப் புத்தகத்தின்மீதும் வரவு செலவுக் கணக்கின்மீதும் செலுத்தும் கவனத்தில் பாதியையேனும் ஒலிபெருக்கியின்மீது நாம் செலுத்துவதில்லை. கணக்கை வாசித்தது பின்வரிசைப் பெண்களின் செவிக்கு எட்டவில்லையென்றால், அவர்கள் கையெழுத்திட்டது எதற்கு?

பஞ்சாயத்து வானொலிக் கூடங்கள் நடந்த காலத்தில் கேட்டதன் பயனை நம்மவர் நன்கு அறிந்திருந்தனர். 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம் 1960-களில் ஆடுதுறை 27 நெல்லைப் பற்றி ஒலிபரப்பியதால், தஞ்சை உழவர்கள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். ஒரு சொல் சரியாகக் காதில் விழுந்தால் வயலில் விதை மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

இனி, நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். சில ஆண்டுகளுக்குமுன் எலவனாசூர்கோட்டைக்கு அருகே ஓர் ஊரில், மக்காச்சோளப் படைப்புழுவைப் பற்றிய ஓர் உரையைக் கைப்பேசியிலிருந்து ஒலிக்கச் செய்ய ஏற்பாடு செய்தோம். அப்புழு 2018-இல்தான் நம் நாட்டில் முதன்முதலாகக் காணப்பட்டது. குருத்தை அது தின்னத் தொடங்கியிருந்த வேளை. உழவர்கள் திரண்டிருந்தனர். உரை தொடங்கியதும் பின்னணி நாதசுரம் மட்டும் இனிதாக ஒலித்தது. பேசுபவரின் குரலைக் காணோம்! கைப்பேசி பழுது என்றார் ஒருவர். பதிவே பழுது என்றார் மற்றொருவர். கருவிகள் அனைத்தும் நல்ல நிலையிலேயே இருந்தன. பிழை கம்பியில் இருந்தது. அதைச் சோதியாமல் வந்த பிழை நம்முடையது.

காரணம் இது. கைப்பேசியின் காதுக்கருவித் துளையில் வலம், இடம் என இரண்டு ஒலிகள் வெளிவரும். நாம் அதைச் சொருகியதோ கலவைக் கருவியின் சமநிலை உள்ளீட்டில். சமநிலை இணைப்பில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் நேராகவும் எதிராகவும் செல்லும். மூன்றாவது கம்பி உறை. வழியில் மின்கம்பியின் இரைச்சல் படிந்தால் இரண்டிலும் ஒரே அளவாகப் படியும். வாங்கும் கருவி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது இரைச்சல் மறைந்து ஒலி நிற்கும். நீண்ட கம்பிகளுக்கு இது மிகச் சிறந்த ஏற்பாடு. ஆனால் கைப்பேசியில் பேச்சுக்குரல் வலத்திலும் இடத்திலும் ஒன்றுபோலவே இருக்கும். கழித்தால் என்ன மிஞ்சும்? இருபுறமும் சற்றே வேறுபட்டிருந்த நாதசுரம்தான் மிஞ்சியது.

இதற்குப் பரிகாரம் எளிது. வலத்தையும் இடத்தையும் தனித்தனி உள்ளீடுகளில் கொடுக்கலாம். அல்லது ஒவ்வொன்றிலும் 1,000 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்து இரண்டையும் ஒன்றாக்கி, ஒற்றை ஒலிக்கான சொருகியின் நுனியில் இணைக்கலாம். மின்தடையின்றி நேரே முடிச்சிடலாகாது. எதிரெதிரே இழுக்கும் இரண்டு எருதுகளை ஒரே நுகத்தில் பூட்டியதுபோல, இரண்டு வெளியீடுகளும் ஒன்றையொன்று தள்ளும்.

அடுத்தது அளவு. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்டே. வீட்டுக் கருவிகளின் வெளியீடு ஏறத்தாழ 0.316 வோல்ட், ஒலிபரப்பு நிலையக் கருவிகளில் 1.23 வோல்ட் வழக்கம். தூரத்துக் குழாய் ஒலிபெருக்கிகளுக்குச் செல்லும் வரியோ முழு ஆற்றலில் 100 வோல்ட் வரை எட்டும். ஒரு மில்லிவோல்ட்டுக்கும் இதற்கும் ஒரு இலட்சம் மடங்கு! கோமுகி அணையின் மதகை நாற்றங்காலுக்குள் நேரே யாரும் திறந்துவிடுவதில்லை. ஆயினும் சபை நடவடிக்கையைப் பதிவு செய்யும் ஆர்வத்தில், ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பியையே பதிவுக் கருவியின் மைக் துளையில் செருகுபவர் உண்டு. கருவி கருகும். பெருக்கியின் பின்புறத்தில் ‘லைன் அவுட்’ என்று எழுதிய துளையிலிருந்தே எடுத்து, பதிவுக் கருவியின் ‘லைன் இன்’ துளையில் கொடுக்க வேண்டும்.

பதிவுக்குக் கணினியை இணைத்தவுடன் ‘ம்ம்’ என்று ஓர் உறுமல் கேட்பதுண்டு. கணினி ஒரு மின்முனையிலும் பெருக்கி வேறொரு மின்முனையிலும் இருந்தால், நிலக்கம்பிகளும் ஒலிக்கம்பியின் உறையும் ஒரு வளையமாகி, 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் அதில் சுற்றும். இரண்டையும் ஒரே மின்முனையில் பொருத்திப் பார்க்க வேண்டும். அப்போதும் தீராவிட்டால், ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதமுள்ள ஒலி மின்மாற்றியை இடையில் வைத்தால் உறுமல் அடங்கும். சிலர் மின்சொருகியின் நிலமுனையை ஒடித்துவிடுகிறார்கள். உறுமல் நிற்கும் என்பது மெய்யே. ஆனால் கருவியில் மின்கசிவு நேர்ந்தால் மைக்கைப் பிடித்தவரின் உயிருக்கே கேடு. ஈரத்தரையில் நின்று பேசும் அங்கத்தினரை எண்ணிப் பார்க்க வேண்டும். இதை எவர் செய்தாலும் பஞ்சாயத்துத் தலைவர் தடுத்தாக வேண்டும்.

சமுதாய வானொலி தொடங்க எண்ணும் அமைப்புகளுக்கும் இவையே அடிப்படை. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி 1 அன்று 90.4 மெகாஹெர்ட்ஸில் அத்தகைய நிலையம் தொடங்கியது. 2006 முதல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி உண்டு. அங்கே கலவைக் கருவியிலிருந்து ஒலிபரப்பிக்கு அளவு மிஞ்சிக் கொடுத்தால் குரல் கரகரக்கும். அலை தன் எல்லை கடந்து அண்டை அலைவரிசையிலும் நுழையும். ஆகவே இடையில் ஓர் அளவுக் கட்டுப்படுத்தி வைப்பர்.

நம் ஊர்ச் சபைக்கு அவ்வளவு வேண்டா. பஞ்சாயத்து அலுவலகப் பெட்டியில் இரண்டு சமநிலைக் கம்பிகளும், மின்தடை வைத்த கைப்பேசிக் கம்பி ஒன்றும், ஒரு மின்மாற்றியும், ஒவ்வொன்றிலும் ‘எங்கிருந்து, எங்கே’ என்று எழுதிய சீட்டும் இருந்தால் போதும். கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக ஒருவர் பேச, மற்றொருவர் கடைசி வரிசைக்கு நடந்து சென்று கேட்டு வர வேண்டும்.